மேனேஜர் படுத்திருக்கும் பெட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் பாதிதான் என்னுடையது. மீதிப் பாதியைப் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், பக்கத்து நாற்காலிக்காரியிடமிருந்து எடுத்தேன். திருடினேன் என்று எழுதி அடித்துவிட்டேன். ஏனென்றால் கடைசியில் அவளே அதை என் கையில் திணித்தாள். அந்த இடம் ஏழாவது பகுதியில் வருகிறது. அவசரப்பட்டு அங்கே தாண்டிப் போய்விடாதீர்கள்.

நடந்தது இன்று காலைதான். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. நாளைக்கு என்று ஆறப்போட்டால் அந்தக் குரல்கள் போய்விடும். எனக்குக் கதைகள் காது வழியாகத்தான் வரும். ஆளுக்கு மூக்கு எப்படி, உடுத்தியிருந்தது என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பேன். யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்கினார்கள் என்று கேளுங்கள், ஐம்பது வருஷத்துப் பேச்சைச் சொல்வேன்.

இன்று பத்து இருபதுக்கு என் காதில் விழுந்தது இது:

"அண்ணி, அதுல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே படிச்சுட்டு வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அ) மழை விட்ட காலையில், ஒரு பெண் தன் மடிக்கணினியின் முன்னால்

(மழை பெய்யவே இல்லை. விட்டேன்.)

ஆ) இன்றைய வாழ்வில் நாம் எல்லோரோடும் இணைந்திருக்கிறோம், ஆனால் உள்ளுக்குள்

(இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதைப் போகவிட எனக்கு மனமில்லை.)

இ) "கனெக்டட், நோ இன்டர்நெட்."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது பேச்சு. லேப்டாப் சொன்னதை அண்ணி படித்தாள், அண்ணி படித்ததைப் பக்கத்து நாற்காலிக்காரி திருப்பிச் சொன்னாள். மூன்று வாய் மாறி என்னிடம் வந்தது. வைஃபை முழுசாகக் காட்டுகிறதாம். பெயர் சரி, கடவுச்சொல் சரி. ஆனால் ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது. வாங்க வாங்க என்று உட்கார வைத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடு மாதிரி.

3

பக்கத்து நாற்காலிக்காரியை இனி லிப்ட்காரி என்பேன். "நான் லிப்ட் சரி பண்றவ அண்ணி, லேப்டாப்புக்கு டாக்டர் இல்ல" என்று அவளே போனில் சொன்னாள். அவள் ஈறில் ஊசி போட்டு, மரத்துப் போகும்வரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். இருபது நிமிஷமோ அரை மணி நேரமோ. ஒவ்வொரு நிமிஷமும் அவளுடைய நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்குமா?

போனில் இருந்தவள் அவளுடைய அண்ணன் மனைவி. குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து, விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இன்று பதினொரு மணிக்கு நேர்காணல், கணினித் திரையில். போனில் முடியாது, அவர்கள் அனுப்பும் சோதனை அட்டவணையை அவர்கள் பார்க்கப் பார்க்க நிரப்பிக் காட்ட வேண்டும். வீடு பள்ளத்தில் இருப்பதால் போனுக்கும் சிக்னல் கிடையாது, அதுவும் வீட்டு வைஃபையில்தான் பேசுகிறது. லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று, பிளக்கை விட்டு நகர்த்தினால் அணைந்துவிடும். கூடத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு பிளக், அதுவும் ஆடுகிறது. அதனால் அண்ணி பின்னறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

[ஒரு பக்கப் பேச்சிலிருந்து இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பதற்றத்தில் இருப்பவர்கள் மறுமுனை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.]

4

மறுமுனை எனக்குக் கேட்கவில்லை. அதனால் அண்ணியை நானே தயாரித்தேன்.

முதல் அண்ணி அழுதாள். எனக்கு ஒண்ணுமே புரியலையே என்று மூக்கைச் சிந்தினாள். இரண்டு வரியில் சலித்துப்போய் அனுப்பிவிட்டேன்.

அப்போது லிப்ட்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"இது மூணாவது இன்டர்வியூ அண்ணி. முதல் தடவை தலைவலி. அடுத்த தடவை தேதி மறந்துபோச்சு. இந்தத் தடவை நெட்டா?"

எனக்குப் புல்லரித்தது. இதோ என் இரண்டாவது அண்ணி: இணையம் வரக்கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருப்பவள். பிழைச் செய்தியைப் பார்த்ததும் தோள் இறங்கி மூச்சு விட்டவள். ஒயரை அவளே பிடுங்கி வைத்திருந்தால்தான் என்ன என்றுகூட ஒரு பத்தி எழுதினேன். நோட்டு என் கைப்பைக்குள்ளேயே எப்போதும் இருக்கும். கை பரபரவென்று ஓடியது.

(இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகப் பின்னால் வெட்கப்படப் போகிறேன்.)

5

லேப்டாப்பை அணைத்துப் போட்டார்கள். விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தி எடுத்தார்கள். அந்த வைஃபையை அடியோடு மறந்துவிடச் சொல்லி, கடவுச்சொல்லை முதலிலிருந்து அடித்தார்கள். சமர்த்தாகச் சேர்ந்தது. சேர்ந்த கையோடு நோ இன்டர்நெட். கூடத்தில் இருக்கும் வைஃபை பெட்டியில் விளக்குகளை எண்ணச் சொன்னாள். எல்லாம் பச்சை.

லிப்ட் நகரவில்லை என்றால் மோட்டாரை முதலில் தொடவே மாட்டேன் என்று அவள் அண்ணிக்கு விளக்கினாள். மாடி மாடியாக ஏறி, எந்தக் கதவு ஒட்டாமல் நிற்கிறது என்று பார்ப்பாளாம். பத்துக்கு எட்டு தடவை கதவுதானாம். மாடி மாதிரி அந்த வீட்டில் எதில் ஏறுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் பேச்சு அடிக்கடி அறுந்தது. அண்ணி கூடத்தில் நின்றால் தெளிவாகப் பேசுகிறாள், லேப்டாப்பைப் பார்க்கப் பின்னறைக்குள் போனால் கட். திரும்பக் கூடத்துக்கு வந்து கூப்பிடுகிறாள். மறுபடி உள்ளே, மறுபடி கட். மூன்று தடவை.

பேச்சு அறுகிற இடம் எனக்குத்தான் முதலில் உறைத்தது என்று பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் நான் அதை உணர்ச்சி என்று நோட்டில் குறித்தேன். லிப்ட்காரி அதைப் பழுது என்று பிடித்துக்கொண்டாள்.

6

அடுத்தது அப்படியே, ஒரு சொல் மாற்றாமல்:

"அண்ணி, பழைய பெட்டி எங்க?"

(மறுமுனை.)

"பின்னறை பீரோ மேலயேவா? லைனைத்தான் புதுசுக்கு மாத்தியாச்சே. அதுல எதுக்கு இன்னும் கரண்ட்டு?"

(மறுமுனை. நீளமாக.)

"மேனேஜரா? இப்பவும் அது மேலதான் படுத்திருக்காரா?"

என் பேனா நின்றுவிட்டது. பீரோ மேல் மேனேஜர். கண்ணாடி போட்ட, வழுக்கை விழுந்த ஒரு மனிதரை நான் அதற்குள் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டேன். கால் மட்டும் தொங்குகிறது.

நான் வாயைப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு லிப்ட்காரி என்னிடம் சொன்னாள். மேனேஜர் அண்ணனுடைய பூனை. பதினாலு வயசு. பழைய வைஃபை பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அதன் மேல்தான் அவருக்குத் தூக்கம். நாலு நாளைக்கு முன்னால் கூடத்தில் புதுப் பெட்டி வைத்து லைனை அதற்கு மாற்றிப் பழையதை அணைத்தார்கள். பெட்டி சில்லிட்டதும் மேனேஜர் கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்கினார். அண்ணன் மறுபடியும் அதற்கு மின்சாரம் கொடுத்துவிட்டான், சூட்டுக்காக மட்டும். அதோடு நிற்கவில்லை. வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் கடவுச்சொல்லைத் திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டு, புதுப் பெட்டிக்கும் பழைய பெயரையே, பழைய கடவுச்சொல்லையே வைத்திருக்கிறான்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர்," என்றாள், மரத்த உதட்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு. "ஒருத்தர்கிட்ட நெட் இருக்கு. இன்னொருத்தர்கிட்ட பூனைதான் இருக்கு. லேப்டாப்பு பக்கத்துல இருக்கிறவரோட ஒட்டிக்கிச்சு. உள்ள போனா போனும் அப்படித்தான்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒட்டாத கதவு கிடைத்துவிட்டது. பழைய பெட்டியை அணைத்தால் போதும், கூடத்துப் பெட்டி பின்னறைவரை எட்டும்.

7

அணைப்பதுதான் பாடு. பெட்டியிலிருந்தே ஒயரை உருவலாம் என்றால் அது சொருகியிருக்கும் இடத்தின் மேல் மேனேஜர். அவர் அண்ணியை இரண்டு தடவை கடித்திருக்கிறார். அதற்கப்புறம் அவள் அவரைத் தொட்டதே இல்லை. பீரோவுக்குப் பின்னால் சுவிட்ச் இல்லாத ஒரே மின்பலகையில் இரண்டு கறுப்பு ஒயர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று பெட்டிக்கு, ஒன்று லேப்டாப்புக்கு. எது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தப்பாகப் பிடுங்கினால் லேப்டாப் அணையும். அணைந்தால் எழுந்து வரப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

மணி பத்து நாற்பத்தாறு. உள்ளேயிருந்து லிப்ட்காரியைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தவள், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, போனை என் கையில் திணித்தாள்.

"அம்மா, கொஞ்சம் பேசிட்டே இருங்க. தனியா விட்டா இதையும் விட்டுடுவாங்க."

[ஆறு பகுதிகளாக நான் கேட்காத குரல். தயாரித்து வைத்திருந்த குரல். அது இப்போது என் காதில்.]

"யாரு?" என்றது.

அவளுக்கு மெல்லிய குரல் கொடுத்திருந்தேன். தப்பு. கனமான குரல். எண்களை உரக்கப் படித்துப் பழகியவர்களின் குரல்.

"பல்லு புடுங்க வந்தவ," என்றேன்.

சிரித்தாள். எந்த ஒயர் தடிமன் என்று கேட்டேன், இரண்டும் ஒன்றுதான் என்றாள். தொட்டுப் பார்த்தாயா என்றேன், தொட்டாயிற்று என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லவாம்மா? நாத்தனார்கிட்ட சொல்ல முடியாது."

"சொல்லு."

"நெட் வரலைன்னதும் முதல்ல எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

என் இரண்டாவது அண்ணி! நான் எழுதியது சரி! நாற்காலியில் துள்ளியிருப்பேன். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"இப்ப இந்தப் பெட்டி விஷயம் தெரிஞ்சதும் அந்த நிம்மதி போயிருச்சு. ஒரு பூனை படுக்குறதுக்குன்னு நாலு நாளா ஒரு பெட்டி ஓடுது. அதுக்குன்னு ஒரு பிளக்கு. எனக்கு இந்த வீட்டுல ஆடாத பிளக்கு ஒண்ணு தேடி பீரோவுக்குப் பின்னாடி போக வேண்டியிருக்கு. நான் இன்னைக்குப் பேசியே ஆகணும்மா."

நான் தயாரித்தவளுக்கு நிம்மதியோடு கதை முடிந்துவிட்டது. இவளுக்கு அது தொடக்கம். நோட்டை மடியிலிருந்து கீழே வைத்தேன். ஐம்பது வருஷமாக மற்றவர்களுக்கு வசனம் எழுதுகிறவளுக்கு அந்த நேரத்தில் வந்தது இவ்வளவுதான்:

"அப்ப போய்க் கையை வை."

"எதுல? ஒயர்லயா, பூனை மேலயா?"

"நீதான் அங்க நிக்கிற."

"சரி. உள்ள போறேன். கட் ஆகும், பயப்படாதீங்க."

எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். கட். பத்து ஐம்பது. போன் பூட்டிக்கொண்டது.

8

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

ஒன்று. இரண்டு ஒயரில் ஒன்றைப் பிடுங்குகிறாள், அது சரியான ஒயர். மூன்று பேர் திரையில் தோன்றி வணக்கம் சொல்கிறார்கள். (நடக்கக்கூடியது. பாதிக்குப் பாதி.)

இரண்டு. ஒயர் மாறிவிடுகிறது. திரை கறுப்பாகிறது. அதில் அவள் முகம் (தெரிகிறது என்று எழுத வந்தேன். வெட்கமாக இருக்கிறது. கறுத்த திரையில் முகம் தெரியாத கதை உண்டா?)

மூன்று. ஒயரை விட்டுவிட்டு நாற்காலி போட்டு ஏறி, பதினாலு வயசு மேனேஜரை இரண்டு கையாலும் தூக்குகிறாள். அவர் கடிக்கிறார். அவள் விடவில்லை. நேர்காணல் முழுக்க அவர் அவள் மடியில், சூட்டுக்கு. கேட்பவர்களுக்கு அவள் முகம் மட்டும் தெரிகிறது, கையில் சுற்றிய துணி தெரியவில்லை.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதை நம்ப மாட்டேன். ஒரு தடவை இவளை எனக்குப் பிடித்த மாதிரி எழுதி மூக்குடைபட்டாயிற்று.

9

பத்து ஐம்பத்தேழுக்கு லிப்ட்காரி வாயில் பஞ்சோடு வெளியே வந்தாள். கண்ணால் கேட்டாள். அண்ணி உள்ளே போனாள் என்று கையைக் காட்டினேன். அவள் போனைத் திறந்து, ஆச்சா அண்ணி என்று அடித்து அனுப்பினாள்.

ஒரு டிக்.

அவளால் பேச முடியவில்லை, ஆனால் எனக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. பழைய பெட்டி அணைந்திருந்தால் அண்ணியின் போன் கூடத்துப் பெட்டியைப் பிடிக்கும், செய்தி போய்ச் சேரும், இரண்டாவது டிக் விழும். அணையவில்லை என்றால் அந்தப் போனும் பூனைக்குக் கீழே இருக்கும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். இருவரும் தலையை முட்டிக்கொண்டு அந்த ஒற்றை டிக்கைப் பார்த்தோம்.

அப்போது என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு நிமிஷம் என்றேன். டாக்டர் காத்திருக்காங்கம்மா என்றாள் நர்ஸ். போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது லிப்ட்காரியின் நாற்காலி காலி. எங்கே போனாள் என்று கேட்க என் வாயில் பஞ்சு.

இரண்டாவது டிக்கை நான் போட்டுவிடலாம். பேனா என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் நான் போட்டால் பிடுங்கிய கை என்னுடையதாகிவிடும். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அது அவள் கையாக இருக்க வேண்டும்.

அதனால் அந்தப் போனை இதோ உங்கள் மடியில் வைக்கிறேன். மணி மறுபடியும் பத்து ஐம்பத்தெட்டு. நாற்காலி இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, அது எந்த அறையில் என்றுதான் தெரியவில்லை. ஒரு டிக். கண்ணை எடுக்காமல் பாருங்கள்.