யாரும் கேட்காத அவுட்

...அவுட்டாம், முதல் பந்திலேயே அவுட்டாம், காலில் பட்டது என்னவோ உண்மைதான், பட்டால் என்ன, ஸ்டம்பை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் போயிருக்கும், குருடனுக்கும் தெரியும், நடுவராக நிற்கிற கொல்லன் ஹாப்டேவுக்கு மட்டும் தெரியாது, குதிரைக்கு லாடம் அடிக்கிறவனிடம் தீர்ப்பைக் கொடுத்தால் இப்படித்தான், விரலைத் தூக்கிவிட்டான். கர்னல் லாங்ரிஷ் அசையாமல் நின்று முறைத்தார். பணியில் இருந்தபோது பெஷாவரில் இந்த முறைப்புக்கு ஒரு பட்டாளமே விறைத்து நிற்கும். இங்கே பந்து போட்ட ரொட்டிக்கடை டாப்செல் பல்லைக் காட்டுகிறான். "மட்டையத்தானே ஐயா கையில குடுத்தோம், காலை எதுக்கு நீட்டுறீங்க?" மைதானமே சிரித்தது. சிரிக்கட்டும், உதவாக்கரைகள்.

நடந்தார். தலை குனியவில்லை, எதற்குக் குனிய வேண்டும்? பன்னிரண்டு வருஷம் எல்லைப்புறத்தில் ஆடியவர், காலில் வாங்கி ஒருதரம்கூட அவுட் ஆனதில்லை, இதைச் சொல்லித்தானே இந்த ஊர் அணிக்குத் தலைவராக்குகிறேன் என்று பாதிரியார் வாக்குக் கொடுத்தார், இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பு... அங்கே நடுவர் உங்கள் ஆள்தானே என்று எவனாவது கேட்பான், கேட்கட்டும், அங்கே நடுவராக நின்ற ஹவில்தார் ஃபிரோஸ் தோட்டா திருடிய சொந்தத் தம்பியையே காட்டிக்கொடுத்தவன், கேட்டால் உள்ளதைத்தான் சொல்வான். கேட்டால்... ஆமாம், கேட்டால்தானே நடுவர் வாயைத் திறக்க முடியும், ஆட்டத்தின் சட்டமே அதுதானே, டாப்செல் அவுட்டா என்று தொண்டை கிழியக் கத்தினான், ஹாப்டே விரலைத் தூக்கினான். அங்கே யார் கத்தினார்கள்? சிப்பாய் ஷேர் ஜமான், பனைமர உயரம், வருஷக்கணக்காக எனக்குப் பந்து போட்டவன், அந்த மழைக்காலத்து ஆட்டத்தில் நடு ஸ்டம்புக்கு நேராக முழங்காலில் சுளீரென்று பட்டது, வலியைவிடப் பயம்தான் முதலில் வந்தது, அவன் இரண்டு கையையும் தூக்கினான், பாதியில் நிறுத்தித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். என்ன கட்டுப்பாடு என்று அன்றைக்கு மெச்சினேனே. ஹவில்தார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பொய் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு வரவே இல்லை, யாரும் கேட்கவில்லை... சே, கிறுக்குத்தனம், நல்ல ஆட்டக்காரன் நல்ல ஆட்டக்காரன்தான், அதில் என்ன சந்தேகம்?

கொட்டகை நிழலில் பாதிரியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "விடுங்க கர்னல். ஹாப்டேக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு, ஊருக்கே தெரியும். பந்து வெளியதானே போச்சு? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, தலைவர் பதவி உங்களுக்குத்தான்னு இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

ஒரு வார்த்தைதான், சொல்லிவிடலாம், இவர்கள் நம்புவார்கள், இதற்கு முன்பும் நம்பினார்கள்... மைதானத்தில் டாப்செல் மறுபடியும் கத்தினான், அடுத்தவன் காலில் பட்டிருக்கும், என்ன சத்தம், வெட்கமில்லாத சத்தம், தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறவன் சத்தம். ஷேர் ஜமான் கத்தியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? மலைக்காரன், கனத்த குரலாகத்தான் இருக்க வேண்டும், இல்லை, கீச்சுக் குரலோ... பாதிரியார் பதிலுக்குக் காத்திருந்தார். கர்னல் அந்தக் குரலை எவ்வளவு தேடியும் 'சாப்' என்கிற ஒரு மரியாதைச் சொல்லுக்கு மேல் எதுவும் அகப்படவில்லை.