கோரலீ என்கிற பெயர்

வெர்னிட்டா நிகழ்ச்சி அட்டையை மேஜைமேல் வைத்து, ஏழாவது வரியைப் பேனாவால் அடித்தாள். ஒரு தடவை அடித்தது போதவில்லை. எழுத்து தெரியாமல் போகும்வரை அடித்தாள்.

"இருநூறு அட்டை அச்சடிச்சு வந்திருக்கும்மா. ஒண்ணுல அடிச்சா ஆச்சா?" என்றாள் மகள் டோனெட்.

"பாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லு. அந்தப் பாட்டு வேண்டாம்."

"ஹார்லன் மாமா சிகாகோவிலேருந்து அதுக்காகவே வந்திருக்காரு."

"வந்தவர் ஒரு தோத்திரப் பாட்டு பாடட்டும்."

டோனெட் மாடிப்படி ஏறினாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கோழியையும் மக்ரோனியையும் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே வெர்னிட்டாவின் கணவர் லூசியஸ் டாலிவர் சவப்பெட்டிக்குள் கிடந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

டெட்ராய்ட் நகரப் பேருந்தை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். ஆனால் ஊர் அவரை அறிந்தது அதற்காக அல்ல. அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் 'கோரலீ' பாட்டுதான் கேட்டது. மூன்று வாரம் நாடு முழுக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடம். எழுதியது இவர். பாடியது ஹார்லன், அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அதன்பின் லூசியஸ் எழுதிய எதுவும் ஓடவில்லை. நாலு வருஷம் முட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்து ஓட்டப் போனார். அந்தப் பேருந்தில் தினமும் ஏறி இறங்கித்தான் வெர்னிட்டா அவரைக் கட்டிக்கொண்டாள்.

பாட்டு பதிவான கதையை விருந்தாளி யார் வந்தாலும் சொல்வார். நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு வீடு, அதன் சமையலறைச் சுவரை இடித்துச் செய்த ஸ்டுடியோ. பிப்ரவரிப் பனியில் டிரம் வாசிப்பவன் வந்து சேரவில்லை. ஒரு பழைய பெட்டியைத் தட்டி ஒப்பேற்றினார்கள். ஹார்லனுக்குச் சளி. பதினேழு தடவை பாடியும் மூன்றாவது 'கோரலீ'யில் குரல் உடைந்தது. ஸ்டுடியோ முதலாளி அந்த உடைசலைத்தான் வைத்துக்கொண்டார். ஊரே மயங்கியது அதில்தான்.

"நான் மெதுவாத்தான் எழுதினேன்" என்பார் லூசியஸ். "யாரு ஆடுவா இதுக்குன்னு கேட்டு, முதலாளி வேகத்தைக் கூட்டிட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

யார் அந்தக் கோரலீ என்று கல்யாணமான புதிதில் வெர்னிட்டா கேட்டாள். "தாளத்துக்கு மூணு தட்டுல ஒரு பேரு வேணும்னு இருந்துது" என்றார். அவ்வளவுதான். டொலீடோவில் முன்பு ஒருத்தியோடு கொஞ்ச நாள் வாழ்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, பாட்டில் தன் பெயரைப் போட்டுப் பாடிப் பார்த்தாள். அதுவும் மூன்று தட்டுதான். ஆனால் ஒட்டவில்லை; நடுவில் இடறியது.

கடையிலும் சலூனிலும் "நீங்கதானே கோரலீ?" என்று கேட்பார்கள். முதலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், பிறகு தலையாட்ட ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருஷம் இன்னொருத்தி பெயருக்குத் தலையாட்டியாகிவிட்டது. இன்றும் ஆட்ட அவளால் முடியாது.

"சிஸ்டர் டாலிவர், உங்களைப் பார்க்க ஒருத்தங்க வந்திருக்காங்க" என்று சமையல் மேடையிலிருந்து ஒரு குரல்.

கதவருகே சாம்பல் நிறக் கோட்டில் ஒரு வயதான பெண்மணி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் துணி மூடிய கேக்.

"டொலீடோவிலேருந்து வரேன். பேப்பர்ல பார்த்தேன். லூசியஸோட..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

வெர்னிட்டா எழுந்தாள். இத்தனை வருஷம் இந்த முகத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எதிலும் இவ்வளவு களைப்பு இருந்ததில்லை.

"நீங்க கோரலீ."

"இல்லம்மா. நான் மோசெல்."

வெர்னிட்டா கேக்கை வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப கோரலீ யாரு?"

மோசெல் அவளையே பார்த்தாள். "அவரு சொல்லலையா?"

"பேருக்கு மூணு தட்டு வேணும்னு சொன்னாரு."

மோசெல் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"எங்க பொண்ணு. அறுபத்து மூணு ஜனவரியில பொறந்தா. பத்தொன்பது நாள் இருந்தா. ஆஸ்பத்திரியிலேயேதான் இருந்தா, வீட்டுக்கே வரல. அன்னிக்குக் காலையில உடனே வாங்கன்னு கூப்பிட்டாங்க. இவருக்குக் கோட்டு கிடைக்கல. வீடு பூரா தேடறாரு. விட்டுட்டு வாய்யான்னு கத்தறேன் நான். நாங்க போய்ச் சேர்ந்தப்ப துணி சுத்திட்டாங்க."

போகாதே கோரலீ, கொஞ்சம் இரு, கோட்டு மாட்டிக்கிட்டு வந்துடறேன். அதுதான் பாட்டின் பல்லவி. மனம் மாறிப் போகும் காதலியின் பின்னால் ஓடுகிறவன் பாட்டு என்று நாடே நினைத்தது. அதற்குத்தான் தோளைக் குலுக்கி ஆடியது. கல்யாண வீட்டில் வெர்னிட்டாவும் ஆடியிருக்கிறாள், லூசியஸின் கையைப் பிடித்துக்கொண்டே. அவர் அடி தவறாமல் ஆடுவார்.

"கோபம் வரலையா உங்களுக்கு?"

"வந்துது. ரேடியோவைத் தூக்கிப் போட்டு ஒடைச்சேன். அப்ப நாங்க பிரிஞ்சாச்சு. ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பார்க்க முடியல, அதான். அப்புறம் ஒரு நாள் கடைத்தெருவுல நிக்கறேன், போற வண்டி வர்ற வண்டி எல்லாத்துலயும் அவ பேரு. பத்தொன்பது நாள் கொழந்தையை யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவா சொல்லு? எங்கம்மாகூடக் கூப்பிடல. அந்த வருஷம் ஊர் மொத்தமும் கூப்பிட்டுது."

மேலே ஆர்கன் தொடங்கியது. டோனெட் படியில் பாதி இறங்கி வந்து, "நேரமாச்சும்மா" என்றாள். "பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ஹார்லன் மாமாவும் சரின்னுட்டாரு. கொஞ்சம் வருத்தம்தான்."

வெர்னிட்டா கேக்கை மேஜைமேல் வைத்தாள்.

"பாடச் சொல்லு."

"எதை?"

"அதைத்தான்டி. போய்ச் சொல்லு."

மோசெல் பின்வரிசையில் உட்காரப் போனாள். வெர்னிட்டா விடவில்லை, முழங்கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்து, தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரது என்று கிசுகிசுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹார்லன் தடித்துப்போயிருந்தான். தலையில் பாதி முடி இல்லை. ஆர்கன்காரன் பழைய வேகத்திலேயே எடுத்தான். முதல் வரி முடிவதற்குள் சபை எழுந்து நின்றது, கைதட்டல் ஆரம்பித்தது, வாசலில் நின்ற பெரியவர்கள்கூடத் தோளை அசைத்தார்கள். மூன்றாவது 'கோரலீ'யில் ஹார்லனின் குரல் உடைந்தது. இந்த முறை அவனுக்குச் சளி இல்லை.

வெர்னிட்டா எழவில்லை. பக்கத்தில் மோசெல் ஊன்றுகோலை மடியில் கிடத்திவிட்டு, கையுறைக் கைகளால் தட்டிக்கொண்டிருந்தாள், தாளத்துக்கு ஒரு நொடி பிந்தி.

அடக்கம் முடிந்து திரும்பியபோது கீழ்த்தளத்தில் கூட்டம் நெருக்கியது. வெர்னிட்டா ஒரு தட்டில் கோழியும் கீரையும் போட்டு மோசெலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பலர் வந்து கையைப் பிடித்து, எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

"முடி இருந்துதா?" என்றாள் வெர்னிட்டா கடைசியில்.

மோசெலுக்கு உடனே புரிந்தது. "நெறைய. கன்னங்கரேல்னு. நர்ஸுங்க சீவி விடுவாங்க."

"யாரு ஜாடை?"

மோசெல் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். அந்தக் கோடியில் டோனெட் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் விழுந்த முடியைத் தோளால் ஒதுக்கியபடி.

"காது" என்றாள் மோசெல். "காது அப்படியே."

வெர்னிட்டா மகளைப் பார்த்தாள். டோனெட் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் பக்கவாட்டில் வழி கேட்டு, மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.