முப்பத்தொன்றாம் பக்கத்து மாசிலாமணி

பூங்கோதை வேலை பார்த்த கிளை நூலகத்தில் வாழ்க்கை வரலாறுகள் மட்டுமே இருந்தன. எதுவும் அறுபது பக்கத்தைத் தாண்டாது. ஊருக்குத் தெரிந்த ஆள் யாரும் அவற்றில் கிடையாது. வருகிறவரின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, யாருடைய வாழ்க்கை அவருக்குப் பொருந்தும் என்று சொல்வது அவளுடைய உத்தியோகம்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் கணவன் அருணகிரிக்கு மட்டும் அவள் ஒரு புத்தகமும் சொன்னதில்லை. தை மாதம் வரை அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாதத்திலிருந்து அவள் எல்லோருக்கும் மாசிலாமணியைச் சொல்ல ஆரம்பித்தாள். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் மைக்கில் வண்டிகளின் பெயரை அறிவித்தவர். ஒன்றில்கூட ஏறாதவர். நாற்பத்தெட்டுப் பக்கம். பால்காரரிடம் சொன்னாள். பல் டாக்டரிடம், வாயைத் திறந்தபடியே சொன்னாள்.

“என்னா மனசு தெரியுமா அந்த மனுஷனுக்கு! உள்ள போகப் போக ஆழம்,” என்றாள், சாம்பார் ஊற்றிக்கொண்டே.

“எனக்கும் கொண்டாயேன்.”

“உங்களுக்கு ஒத்து வராதுங்க.”

அன்றிலிருந்து அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது மைக்கில் பேசுவதுபோல் பேசிப் பார்த்தான். நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. கறி வாங்கப் போயிருந்தாள். அருணகிரி நூலகத்துக்குப் போனான். மேசையில் இருந்த உதவியாளர் துரைக்கண்ணுவிடம் மாசிலாமணியின் புத்தகத்தைக் கேட்டான்.

“காரணம் எழுதணும் சார்.”

அருணகிரி படிவத்தில் ‘பொறாமை’ என்று எழுதினான்.

“ஆள் மேலயா, புத்தகத்து மேலயா?”

“ஆள் மேல.”

“அப்ப பச்சை ஃபாரம்.”

பச்சைப் படிவத்தில் பொறாமை இல்லாத காலத்துப் புகைப்படம் ஒட்ட வேண்டும். பர்ஸில் இருந்த கல்யாணப் படத்தைக் கொடுத்தான். துரைக்கண்ணு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுலயும் லேசா இருக்குது. பரவால்ல, போங்க.”

அலமாரிகளுக்கு நடுவே அவன் நடக்க நடக்க வழி நீண்டது. இரண்டு இடங்களில் உட்கார்ந்து இளைப்பாறினான். ‘ம’ வரிசை வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

நின்றபடியே படித்தான். முப்பது பக்கம் வரை சாதாரணமாக இருந்தது. முப்பத்தொன்றில் விரலை வைத்தான். விரல் உள்ளே போயிற்று. பிறகு முழங்கை வரை போயிற்று. அடியில் யாரோ அவன் கையைப் பிடித்தார்கள். இழுத்தான்.

மாசிலாமணி வெளியே வந்து நின்றார். ஒல்லி. நரைத்த மீசை. அருணகிரியைவிட ஒரு விரற்கடை உயரம். அதையும் அவனால் பொறுக்க முடியவில்லை.

“போளூர் வண்டி போயிடுச்சா சார்?”

“எங்க வீட்டுக்காரம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். படிக்கும்போது மேலேருந்து மூச்சு விடுவாங்க. அவ்வளவுதான்.”

அந்த மூச்சு அருணகிரிக்குச் சுருக்கென்று தைத்தது.

வாசலில் துரைக்கண்ணு மறித்தார். ஆளை வெளியே எடுத்தவர் ஒரு வேளை சாப்பாடு போட்டுத்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார்.

வீட்டில் பூங்கோதை ஆச்சரியப்படவில்லை. இரண்டு இலை போட்டாள். நல்லி எலும்பு மாசிலாமணியின் இலைக்குப் போயிற்று. அருணகிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்துக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த மாசிலாமணியின் முகத்தை அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். உள்ளே போய் அரிசி டிரம்மிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள்.

“இதப் படிங்க. நாப்பத்திரண்டு பக்கந்தான். யாருக்கும் தெரியாத ஆளு.”

அட்டையில் அருணகிரியின் பெயர் இருந்தது.

“இது என்னுது. குடு இங்க.”

“அவரு படிக்கட்டும். நீங்க கையக் கழுவிட்டு வாங்க.”

அருணகிரி கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். மாசிலாமணி ஓரிடத்தில் சிரித்தார். இன்னோரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் வாழ்க்கை அடுத்தவன் முகத்தில் ஓடுவதைப் பார்க்க அருணகிரிக்கு வயிறு எரிந்தது.

“எங்க இருக்கீங்க?”

“கல்யாணம் முடிஞ்சிருச்சு சார்.”

“அவ என்னப் பத்தி என்ன நெனச்சாளாம்?”

“இருங்க சார். நல்லா போவுது.”

கடைசிப் பக்கம் வந்தது. மாசிலாமணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு அருணகிரியின் முகத்தையும் கைகளையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியை அரையடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அருணகிரி தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அவை அதுவரை எதுவும் செய்திருக்கவில்லை.