விண் கட்டிய விமானம்

எங்கள் ஜுனைதா ராத்தா விமானம் செய்யும் படிப்புக்குப் போகிறாள் என்றதும் கல்முனையில் பாதிப்பேருக்குத் தூக்கம் போய்விட்டது. "பறந்து திரியிற புள்ளைக்கு எங்க மாப்பிள்ளை எடுக்கிற?" என்று வாப்பாவைக் கடைத்தெருவில் மறித்துக் கேட்டார்கள். அவள் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே வாய்கள், ஊரின் முதல் விமானப் பொறியியலாளர் என்று மேடை போட்டு மாலை தூக்கின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவளுடைய தங்கச்சி முஸ்பிறா. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

அவளுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது கடற்கரையில். காற்று எழும்பும் மாதங்களில் பக்கத்து ஊர் பாண்டிருப்பிலிருந்து அவளுடைய கூட்டாளி சுலக்சனா ஓடி வந்துவிடுவாள். சுலக்சனாவின் அம்மா செல்லத்தங்கம் மாமியின் வயலும் எங்கள் வயலும் பக்கத்துப் பக்கம். ராத்தாவும் சுலக்சனாவும் பட்டம் கட்டி ஏற்றுவார்கள். பட்டத்தின் தலையில் பனைநாரை வில்லாக இழுத்துக் கட்டினால் காற்றில் அது கூவும். அதுதான் விண். ராத்தா கட்டும் விண் தாழவும் உயரவும் மாறி மாறிக் கூவும். ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கைவாகு வரவில்லை.

சுனாமி எங்கள் உம்மாவைக் கொண்டுபோனது. ஒரு கதவுப் பலகையில் உம்மா குப்புறக் கிடந்தபடி மிதந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். தேடி வந்த ஹெலிகொப்டர், அலை இரைச்சலில் சத்தம் கேட்காத எட்டத்தால் போய்விட்டது. "ஒண்டு தேடி வருதெண்டு தெரிஞ்சிருந்தா உம்மா கையக் காட்டியிருப்பா," என்று சொல்லிச் சொல்லி ராத்தா அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு வரையத் தொடங்கினாள்.

அவள் செய்தது ஆளில்லாத சின்ன விமானம். வயிற்றில் கமெரா. மோட்டார் இரைச்சல் கீழே கேட்காது. அதனால்தான் இரண்டு பக்கச் செட்டையோடும் சேர்த்தே ஒரு விண் வைத்தாள். கடலில் கிடப்பவர்கள் அந்தக் கூவல் கேட்டுத் தலை நிமிரட்டும் என்று.

சிங்கப்பூரில் அவள் வேலை செய்த கம்பனியின் முதலாளி, எங்கள் பக்கத்து நிந்தவூர்க்காரர் மசூர் காக்கா. அதைத் தயாரிக்க முன்வந்தவரும் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்து, வாப்பாவோடு ஒரே சஹன் தட்டில் கை போட்டுச் சாப்பிட்டார். உம்மாவுக்காக துஆக் கேட்டார். "வல்லாஹி மாமா, இது உயிர் தேடத்தான். வேற ஒண்டுக்கும் குடுக்கமாட்டன்," என்றார். ஒரே சஹனில் உண்ட ஆளிடம் எழுத்தில் வாங்குவது எங்கள் வீட்டில் மரியாதைக் கேடு. ராத்தா வரைபடங்களை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

சுலக்சனா கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வன்னிச் சண்டை முடிந்து, முகாமிலிருந்து அவள் பாண்டிருப்புக்குத் திரும்பியபோது கூடப் புருஷனும் வரவில்லை, மகளும் வரவில்லை. ராத்தா லீவு போட்டு வந்தாள். நானும் அவளோடு போனேன்.

"அங்க வேவு விமானத்த வண்டு எண்டுதான் சொல்லுவம் அக்கா," என்றாள் சுலக்சனா. "மேல சுத்திப் பாக்கும். அது வந்தாப் பின்னால செல் வந்து விழுந்து வெடிக்கும். மற்ற வண்டெல்லாம் இரையும். ஒண்டு மட்டும் கூவிச்சு. உங்கட விண் மாதிரியே."

வாயைக் குவித்து அவள் கூவிக் காட்டினாள். தாழ்ந்து, உயர்ந்து, மறுபடி தாழ்ந்து. ராத்தாவின் முகம் செத்துப்போனது.

"பங்கர்க் குழிக்குள்ள மகள் நடுங்கினா. பயப்படாத மகள், அது பட்டம், அம்மா சின்னனில கடற்கரையில ஏத்தினது எண்டு சொன்னன். பட்டம் பாக்கப் போறன் எண்டு வெளியால ஓடிட்டா."

செல்லத்தங்கம் மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சுலக்சனா மட்டும் அழவில்லை. "விமானத்துக்கு ஆரக்கா விண் கட்டுவாங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?" என்று கேட்டாள்.

ராத்தா முற்றத்துக்கு இறங்கிப்போய் மசூருக்குப் போன் போட்டாள். நானும் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தேன்.

"நம்மட விமானத்த ஆருக்குக் குடுத்தீங்க?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தன். வியாபாரம் புள்ள."

"உயிர் தேடத்தான் எண்டு சத்தியம் பண்ணினீங்களே!"

"உயிரத்தானே தேடிச்சு?" என்றான் அந்த ஆள். "வாங்கினவங்க அந்தச் சத்தத்தக் கழட்டிப் பாத்தாங்க. கழட்டினாச் செட்டை நடுங்குதாம். நீ அப்பிடிக் கட்டி வெச்சிரிக்காய்."

நான் போனைப் பறித்து, வாயில் வந்த ஏச்செல்லாம் ஏசினேன். அதற்குள் அவன் வைத்துவிட்டான். எங்கள் உம்மாவுக்குக் கேட்ட துஆவும் அவனுக்கு வியாபாரம்தான். அவனுக்குச் சோறு போட்ட கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

"ராத்தா, அவகிட்டச் சொல்லாத," என்று நான் அவள் கையைப் பிடித்தேன். "அவக்குத் தெரியவே வராது. சொன்னா உனக்கு அவ இல்ல. வா, போவம்."

அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். சுலக்சனாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் கட்டினன்," என்றாள்.

உம்மா, கதவுப் பலகை, மசூர், சஹன் எல்லாவற்றையும் சொன்னாள். "என்னை ஏமாத்திட்டான் சுலக்சனா," என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவள் குரல் கூசியது. சுலக்சனா அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் வாசலில் பயந்துகொண்டு நின்றேன். அவள் ராத்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, பட்டம் எண்டு புள்ளைக்கு நான் சொன்னது பொய்யில்ல, என்னக்கா?" என்று கேட்டாள்.

ராத்தா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் சுலக்சனா, பொய்யில்ல," என்றாள்.