பத்தில் எட்டுப் பங்கு

கீழ்க்கடலில் எழுந்த இளங்கதிர், துறைமுகத்தில் விலா பிளந்து கிடந்த போர்க்கப்பலின் மீதும், அதனருகே கரும்புகை கக்கி நின்ற ஆலைக் கூரைகளின் மீதும், குன்றின் சரிவில் வெண்சுவரோடு விளங்கிய மருத்துவமனையின் சாளரங்கள் மீதும் வேற்றுமை பாராது பொன் தூவிய காலை அது. அத்தகைய பொதுமை, படிப்பவரே, போர்க்காலத்து அரசுக்கு வாய்ப்பதில்லை. காற்றைக் குளிர்வித்து உயிர்வளியைப் பிரித்து இரும்புருளைகளில் அடைக்கும் ஆலைக்கு அன்று ஓர் ஆணை வந்தது: பத்தில் எட்டுப் பங்கு கப்பலின் தகடுகளை அறுத்து ஒட்டும் பட்டறைக்கு, எஞ்சியதே நோயாளிகளுக்கு. பெருநெருக்கடியில் சில உருளைகளைத் திருப்பிவிடும் உரிமை ஆலை மேற்பார்வையாளர்க்கு மட்டும் இருந்தது.

அவர் மகன் அக்கப்பலின் மாலுமி; மகளோ அம்மருத்துவமனையின் செவிலி.

மூன்றாம் நாள் நண்பகலில், தள்ளுவண்டியொன்றைத் தானே தள்ளிக்கொண்டு, வியர்வையில் நனைந்தவளாய் மகள் ஆலை வாயிலில் வந்து நின்றாள்.

"அப்பா, நாலு சிலிண்டர் போதும். ஆறு பேர் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறாங்க."

"நாளைக்குள்ள கப்பல் கிளம்பலேன்னா எதிரிங்க வந்து கரையிலேயே வச்சுக் கொளுத்திடுவாங்கம்மா. உங்கண்ணன் அதுலதானே இருக்கான்?"

"தெரியும்பா. தெரிஞ்சுதான் வந்து நிக்கிறேன்."

அவர் முகம் திருப்பிக்கொண்டார். வெறும் வண்டி குன்றேறிச் சென்றது. இருந்த இரண்டு உருளைகளின் குழாய்களை ஆறு கட்டிலுக்கும் மாற்றி மாற்றி வைத்து, ஒருவர்க்கு ஊட்டும் மூச்சை மற்றொருவரிடமிருந்து பறிக்கின்றோமென அறிந்தே அவள் ஓடி ஓடி உழைத்தும், அந்தி சாய்வதற்குள் மூவர் மூச்சடங்கினர். அவருள் ஒருவர், அண்ணன் எழுதும் மடல்களைப் பல்லாண்டு அவர்கள் வீட்டில் கொணர்ந்து தந்த அஞ்சற்காரர்.

கப்பல் சென்றது, பகைக்கலங்களை மடக்கி நகரைக் காத்தது, நாற்பது நாள் கழித்து மீண்டது. மகன் கீறலும் இன்றி வீடு வந்தான். தாய் அழுதும் சிரித்தும் சோறு பரிமாற, அவன் தங்கையைப் பார்த்து, "என்னடி, துரும்பா எளைச்சுட்ட? என் பங்கையும் சேர்த்து நீ தின்னிருப்பேன்னுல்ல நெனச்சேன்!" என்றான். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தவாறே எழுந்து கொல்லைப்புறம் சென்றாள். தந்தை பின்தொடர்ந்தார்.

"அப்பா மேல கோவமாம்மா?"

சுவரை நோக்கி நின்றவாறே அவள் சொன்னாள்: "இல்லப்பா. அண்ணனைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் தோளைத் தொட அவர் நீட்டிய கை பாதியில் நின்றது. நாடு தன் பொருளையும் உழைப்பையும் ஒருமுகமாய்த் திருப்பி வெல்லலாம். வென்றோர் என்று பாராட்டும் பெறலாம். ஆயினும் வெற்றி புகுந்த இல்லங்களிலும், உண்ணும் இலையை விட்டு எழுந்து வந்து தனியே நிற்பார் சிலர் உளர். அத்தகையோர் துயர்க்கு ஆணை பிறப்பித்தோரிடமும் ஆறுதல் இல்லை.