எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும்

நெல்லித்தோப்பில் ஹரிகிருஷ்ணன் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு சமுதாயக் கூடம் பல வருஷமாகப் பூட்டியே கிடந்தது. அதில் முழுநாள் மழலையர் பள்ளி திறக்கலாமா என்று அரசு தெருவாசிகளிடம் கருத்துக் கேட்டது. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை, எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, இலவசமாக. தெருவிலேயே நாற்காலி போட்டு, மைக் கட்டிக் கூட்டம் நடத்தினார்கள். முதலில் எழுந்து பேசியவர் ஹரிகிருஷ்ணன்தான்.

அவருக்கு நன்றாகப் பேச வரும். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் பட்டறை வைத்திருப்பவர். பதினோரு பேருக்கு வேலை கொடுப்பவர். பேச்சில் அந்த மிடுக்கு இருக்கும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வீட்டு வேலை, அரசாங்கத்தின் வேலை இல்லை என்றார். வசதி இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒன்றாக எதற்கு இலவசம் என்று கேட்டார். தன் மகள் தீபலட்சுமியை நாலு வயது வரை வீட்டிலேயே வைத்து வளர்த்ததைச் சொன்னார். "அடுத்தவங்க கையில குடுக்கறதுக்கு எதுக்குங்க பெத்துக்கணும்?" என்று அவர் முடித்தபோது கைதட்டினார்கள். பள்ளி வேண்டாம் என்று எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்தும் அவர் போட்டதுதான்.

அது முடிந்து ஒரு மாதம் இருக்கும். பட்டறையில் மூடிகளைப் பையில் அடைத்துக் கட்டும் கலையரசி, மெஷின் பக்கம் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஆட்டோ வந்து நின்றது. அவளோ ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். முதலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹரிகிருஷ்ணனுக்கு எரிச்சல் வந்தது. கால் உடைந்திருந்தால் என்ன செய்வாய் என்று அதட்டினார். அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சார், வீட்டுல பாப்பா இருக்கு. பூட்டிட்டு வந்திருக்கேன்."

அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுச் சாவியோடு கிளம்பினார். அவள் வீடு அவருடைய தெருவுக்கு அடுத்த தெருதான். தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. மதியம் இரண்டு மணி வெயிலில் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண் மேல் வைத்திருந்தாள். அரிவாள்மனை, தீப்பெட்டி, மருந்துப் பாட்டில் எல்லாமே அங்கேதான். தரையில் ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில்; மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூன்றரை வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அவரைப் பார்த்ததும் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டது.

அம்மா அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்று சாவியைக் காட்டினார். பெயர் என்ன என்று கேட்டார். கவிநிலா என்று காற்றாகச் சொன்னது. சத்தமாகப் பேசினால் வெளியே கேட்டுவிடும் என்று கலையரசி பழக்கியிருக்கிறாள். அவர் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகும் காதருகில் வாயை வைத்துக் கிசுகிசுப்பாகவே பேசியது.

"நீங்கதான் கம்பெனி சாரா? லேட்டா போனா அம்மாவ திட்டுவீங்களே?"

"இல்ல பாப்பா" என்றார் ஹரிகிருஷ்ணன். "நான் வேற ஆளு."

சொன்ன மாத்திரத்தில் முகம் சுட்டது. வண்டியின் முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கலையரசி காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள், "கம்பெனி சாருக்கு வணக்கம் சொல்லு" என்றாள். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவள் புருஷன் சுப்ரமணி விசைப்படகில் போனால் கரை திரும்பப் பத்து நாள் ஆகும். அம்மா வீட்டார் எல்லோரும் விடியும் முன்பே மீன் கூடையோடு கிளம்பிவிடுகிறவர்கள். அங்கன்வாடியில் மதியத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் ஒருநாள் அவரிடம் சொல்லி, பிள்ளையைப் பார்த்துவர மதியம் ஒரு மணி நேரம் வெளியே விடும்படி கேட்டிருக்கிறாள். உனக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். இப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் ஏன் மறுபடி கேட்கவில்லை என்றார், குற்றம் அவளுடையது போல.

"கேக்கலாம்னுதான் இருந்தேன் சார். அன்னிக்கு நீங்க மைக்ல பேசுனது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அவளுக்கு இருந்தது வேறு பயம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். புள்ளையப் பூட்டி வச்சிருந்தேன்னு தெரிஞ்சா கவர்மென்ட்ல வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். தலைகுனிய வேண்டியவர் நின்றுகொண்டிருந்தார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதம் தெருவாசிகள் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்ததும் யாரோ மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பள்ளி வர வேண்டும், பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று வேறு கடிதம் எழுத வேண்டும் என்றார். சங்கத் தலைவர் ராமலிங்கம் காரணம் கேட்டார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த அறையை, வாளியை, பரண் மேல் இருந்த ரெகுலேட்டரைச் சொல்லியிருந்தால் மொத்தத் தெருவும் கையெழுத்துப் போட்டிருக்கும். கொடுத்த வாக்கு தடுத்தது.

"அன்னிக்கு நான் தெரியாம பேசிட்டேன்" என்றார்.

பின்வரிசையில் யாரோ, வார்டு எலெக்‌ஷன் வருதாமே என்றார்கள். சிரிப்பு எழுந்தது. எதிர்வீட்டு பாக்கியலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "உங்கள நம்பித்தான நாங்க கையெழுத்துப் போட்டோம்? இப்ப எதுவும் சொல்லாம மாத்திப் போடுன்னா எப்படிங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாமல் பேசிவிட்டேன் என்பதையே அத்தனை பேர் முன்னால் மறுபடியும் சொன்னார்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பழைய கடிதத்தில் நாற்பதுக்கு மேல் இருந்தது. ஏழு கையெழுத்தையும் எடுத்துக்கொண்டு அவரே அரசு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்தார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். கூடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

கால் சரியாகிக் கலையரசி வேலைக்கு வந்தபோது குழந்தையையும் கூட்டிவரச் சொன்னார். பட்டறையில் கதவு, ஜன்னல், மின்விசிறி உள்ள அறை ஒன்றுதான், அது அவருடைய ஆபீஸ். அங்கே பாய் விரித்து, பென்சிலும் தாளும் வாங்கி வைத்தார். தன் மேசையை மெஷின் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சத்தத்தில் போன் பேச முடிவதில்லை. ஏன் சார் இங்கே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இங்கே காற்று வருகிறது என்று சொல்லிவிட்டு, கணக்கு நோட்டைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொள்கிறார்.