ரேவதிக்கு எரியாத விளக்கு

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் புது விளக்குகள் வந்த ஆவணி மாதத்திலிருந்து, ரேவதி நடந்தால் அவை அணைந்தன. எதிர்வீட்டில் இருந்த அவளுடைய ஓரகத்தி கலைமதி வாசலுக்கு வர நினைத்தாலே பளிச்சென்று எரிந்தன. அந்த மாதம் தக்காளியும் விலை இறங்கியிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பேரூராட்சி போட்ட விளக்குகள் அவை. ஆள் இல்லாதபோது மினுக்கென்று தூங்கும். ஆளோ மாடோ வந்தால் கம்பத்தில் இருக்கும் சின்னக் கறுப்புக் கண் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும். நாய்க்கு எரிந்தது. காற்றில் பறந்த உரச்சாக்குக்கு எரிந்தது. ரேவதி தலையைக் கண்டால் மட்டும், எரிந்துகொண்டிருந்ததும் அடங்கிப் போனது.

கலைமதி என்று ஒருத்தி இல்லாதிருந்தால் ரேவதி இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டாள். ஒரே குடும்பத்துக்கு வாக்கப்பட்டவர்கள் இருவரும், ரேவதி மூத்தவள். சின்னவள் வந்த நாள் முதல் மாமியாருக்கு அவள் வைத்த ரசம்தான் ரசம். அவள் வீட்டோடே தங்கியும் விட்டார். அவள் புருஷன் சிலம்பரசனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை. ரேவதியின் புருஷன் மாதுவுக்குச் சேற்றோடு வேலை. இப்போது கவர்மென்ட் விளக்கும் சின்னவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கலைமதி கடைக்குப் போனால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, சாமி ஊர்வலம் மாதிரி அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தன. புரட்டாசிக்குள் அவள் வாசல் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து படியருகே வந்து நின்றது. லைன்மேன் ஒயரை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ரேவதிக்கு வயிறு எரிந்தது.

ஆயுத பூஜைக்கு அரிவாள், மிக்ஸி, மாதுவின் டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு, ரேவதி தன் வாசல் கம்பத்துக்கும் ஏணி போட்டு ஏறினாள். அந்தக் கறுப்புக் கண் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்து, இனி என்னையும் பாரு சாமி என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அது நாயைப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. விளக்குகளைப் பராமரிக்கும் சந்திரமோகன் வந்து துடைத்தான்.

“பாக்கற கண்ணுலயே சந்தனத்த அப்புனா அது எப்பிடிங்கக்கா பாக்கும்?”

துடைத்த கண் அவனைப் பார்த்து எரிந்தது. ரேவதி கிட்டே வந்தாள், மங்கியது. கண்ணையே மாற்றிப் பார்த்தான். “ஒங்களுக்கு மட்டுந்தான் எரிய மாட்டேங்குதுங்கக்கா” என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனான்.

மாசியில் புளி வந்தது. வீட்டு மீட்டர் ஓடாமலிருக்க அந்தத் தெருப் பெண்கள் சாயந்திரத்தில் கம்பத்தடியில் உட்கார்ந்துதான் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். சுத்தியல் ஆடுகிறவரை விளக்கு எரியும். எல்லோரும் கலைமதியின் கம்பத்தடியில் கூடினார்கள். ரேவதி வீம்புக்குத் தன் கம்பத்தடியில் இருட்டில் தட்டினாள். பாதி அடி விரலில் விழுந்தது. எதிர்ப்பக்கம் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று நினைத்தாள். அந்த விளக்கு அவிந்துபோகட்டும் என்று தினமும் சபித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது, கலைமதி புளிக்கூடையோடு தெருவைத் தாண்டி வந்தாள். வெளிச்சமும் கூடவே வந்தது. ரேவதியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததும் தெரு முழுக்க அணைந்தது. சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“என்னாடி?”

“அவுரு ஓசூர்ல வேற ஒருத்தியோட இருக்காருக்கா. தீபாவளிக்கப்பறம் வர்றதே இல்ல. வூட்டுக்குள்ளார அத்தை இருக்காங்க, வெளிய வந்தா லைட்டு இருக்குது. நான் எங்கதான் போயி அழுவறது? நீ குடுத்து வச்சவக்கா. ஒனக்கு இருட்டு இருக்குது.”

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று ரேவதி நினைத்ததே இல்லை. பாவமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது, அதை மறைப்பானேன். கூடையைத் தள்ளிவைத்து ஒட்டி உட்கார்ந்தாள்.

“அழுவு” என்றாள்.

அந்த வருடம் ஊரிலேயே குறைவாக மின்சாரம் செலவான தெரு அதுதான் என்று ஒரு கேடயம் வந்தது. இப்போது அங்கே யாருக்கு அழுகை வந்தாலும் ரேவதியைக் கூப்பிடுகிறார்கள். அவளும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கூட நடக்கிறாள், விளக்குகள் அடங்குகின்றன. அப்படி அவள் வேறு யாருடனாவது போகும்போதெல்லாம், கலைமதி வாசலில் தன் வெளிச்சத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறாள்.